காசு வாங்கியாச்சா? வரவு எழுது!

மக்களே, ஒரு வாரமா ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். நண்பர் ஒருத்தர் டீக்கடையில வச்சு உசுப்பேத்திட்டார்.

நண்பர் பழைய ஃபிலிம் கேமரா, லென்ஸ் எல்லாம் வாங்கி நெட்டுல ஏலம் விடுறவர். அவர் சொன்னது இதுதான்: "ஏலத்துல எடுத்தவன் முதல்ல எனக்கு நல்ல ஃபீட்பேக் போடட்டும். அதைப் பார்த்துட்டு நான் அவனுக்குப் போடுவேன். அதுவரைக்கும் வாயே திறக்க மாட்டேன்." என்னமோ பெரிய வியாபார ரகசியம் மாதிரி முகத்துல ஒரு சிரிப்பு வேற. டீ ஆறி ஆடை கட்டுற வரைக்கும் சண்டை போட்டோம். அங்க சொல்லி முடிக்காததை இங்க கொட்டிடறேன்.

ஏலத்துல எடுத்தவனோட வேலை என்ன? சொன்ன விலையைச் சொன்ன நேரத்துல கட்டுறது. அவ்வளவுதான். கட்டிட்டானா, அவன் பாதி முடிஞ்சுது. அவனைப் பத்தி விக்கிறவருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் அந்த நிமிஷமே தெரிஞ்சாச்சு. அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்? பொருள் நல்லாருக்கா, பேக்கிங் ஒழுங்கா, கொரியர் உடைச்சானா, இதெல்லாம் விக்கிறவரோட பரீட்சை. தன் பரீட்சை ரிசல்ட் வந்தப்புறம்தான் அடுத்தவன் பேப்பரைத் திருத்துவேன்னு சொல்ற வாத்தியாரை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு சொல்லணும்னா எங்க ஊருக்குப் போகணும். கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை தாண்டிப் போனா கூக்கால். ஏரியைப் பார்க்க வர்ற டூரிஸ்டுகளுக்கு அது ஃபோட்டோ எடுக்கிற இடம், எங்களுக்குப் பூண்டு வெளையற இடம். (2019-ல கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப நான் ஆபீஸ்ல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தேன். ஒருத்தனுக்கும் எதுக்குன்னு புரியல.) என் தாய்மாமா அங்க பூண்டு போடுறவர். பொழுதுபோக்கு, தபால்தலை சேர்க்கிறது.

மூணு வருஷம் முன்னாடி மாமாவுக்கு ஒரு ஏலத் தளத்துல கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தேன். தளத்தோட பேர் வேண்டாம். அங்க வாங்குறவர், விக்கிறவர் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடலாம். மாமாவோட கணக்குல பூஜ்யம். பூஜ்யக்காரங்க ஏலம் கேட்கக் கூடாதுன்னு சில பேர் பொருளுக்குக் கீழயே எழுதி வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அப்படி எழுதாத ஒரு ஆள்கிட்ட மாமா எடுத்தது 1948-ல காந்திக்கு வெளியிட்ட தபால்தலைகள்ல மூணு: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா. பத்து ரூபாய் தலை நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது, விடுங்க. ஏலம் முடிஞ்ச ஒரு மணி நேரத்துல, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய்ப் பணத்தைக் கட்டிட்டார்.

கவர் வந்துது. பன்னிரண்டு அணாவைத் திருப்பிப் பார்த்தா பின்பக்கம் காகிதம் உரிஞ்சிருக்கு. படத்துல முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. சேர்க்கிறவங்களுக்குத் தெரியும், அது பாதி விலைகூடப் பெறாது. மாமா விசாரிச்சதுக்கு அந்தப் புண்ணியவான் அனுப்பின பதில்: "நீங்க அஞ்சு ஸ்டார் போடுங்க, நானும் போடறேன்." மாமா போட்டுட்டார்! "அருமையான பொருள், நம்பிக்கையான ஆள்"னு வேற எழுதினார்.

"ஏன் மாமா இப்படி?"ன்னு கேட்டேன்.

"போட்டாத்தானே மாப்ள அவன் நமக்குப் போடுவான்? பூஜ்யத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

சின்னப் பூண்டைப் பெரிய பூண்டோட கலந்து மூட்டை கட்டாத மனுஷன். ஒரு ஸ்டாருக்காகப் பொய் சொன்னார். அவர் எழுதினதை நம்பி அடுத்து எத்தனை பேர் அந்த ஆள்கிட்ட வாங்கினாங்களோ.

காசு வந்த அன்னிக்கே அந்த ஆள் மார்க் போட்டிருந்தா மாமா உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பார். மேட்டர் அவ்வளவுதான். விக்கிறவர் காத்திருக்கிறது ஜாக்கிரதை இல்லைங்க, மிரட்டல். சத்தம் போடாத மிரட்டல்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. இபே 1996-லயே இந்த ஃபீட்பேக் முறையைக் கொண்டு வந்தது. ரெண்டு பக்கமும் நல்லதும் எழுதலாம், கெட்டதும் எழுதலாம். என்ன ஆச்சு? நீ எனக்குக் கெட்டது போட்டா அடுத்த நிமிஷம் நானும் உனக்குப் போடுவேன்னு ஆச்சு. 1999 இபே ஏலங்களை அலசின ரெஸ்னிக், செக்ஹவுசர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், வாங்கினவங்க எழுதினதுல குறைன்னு வந்தது நூத்துக்கு ஒண்ணுக்கும் கம்மின்னு சொன்னாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க பார்க்காத பொருளை வாங்குற சந்தையில நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பேருக்குப் பரம திருப்தியாம். நம்புறீங்க? நம்ம கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான் இது. அவன் 500 எழுதினான், நாமளும் 500 எழுதணும். சாப்பாடு எப்படி இருந்ததுன்னு மொய் நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? (பதிவர்கள் நமக்குள்ள பின்னூட்டத்துல செய்றதும் இதேதான், ஆனா அதைப் பேசினா அடி விழும் :-))

கடைசியில 2008 மே மாசத்துல இபே சாட்டையை எடுத்தது. இனி விக்கிறவர் வாங்கினவருக்கு நல்ல மார்க் மட்டும்தான் போடலாம்னுட்டாங்க. பழிக்குப் பழி நின்னுது. ஆனா நல்ல மார்க்கைக் கையில வச்சுக்கிட்டு ஆட்டம் காட்டுறது நிக்கல. பொட்டி தட்டுறவன்ங்கிற முறையில என்னை ரொம்பக் கடுப்பேத்தினது அவங்க விற்பனையாளர் கருவி. அதுல மார்க்கைத் தானா போட வைக்க ரெண்டு வழி குடுத்திருந்தாங்க. ஒண்ணு, பணம் கட்டினதும் போடு. இன்னொண்ணு, பணம் கட்டி, எனக்கு நல்ல மார்க்கும் போட்டப்புறம் போடு. ரெண்டாவது கண்டிஷனை ஒரு டெவலப்பர் உக்காந்து கோட் எழுதி, டெஸ்ட் பண்ணி, ரிலீஸ் பண்ணியிருக்கான்!

"பணம் கட்டிட்டு அப்புறம் வம்பு பண்றவன் இருக்கானே, உடைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லிக் காசைத் திருப்பி வாங்குறவன் இருக்கானே?" இது நண்பரோட கேள்வி. இருக்கான், இல்லைன்னு சொல்லல. அதுல விக்கிறவர் படுற அவஸ்தையும் நிஜம். ஆனா அவனைத் தளத்துல புகார் பண்ணுங்க, உங்க ஏலத்துக்குள்ள வராம தடை போடுங்க. அவன் ஒருத்தனுக்குப் பயந்து ஒழுங்கா காசு கட்டின அம்பது பேரைப் பணயம் வைப்பீங்களா? அதோட நீங்க நிறுத்தி வச்ச ஸ்டாரைப் பார்த்து எந்தத் திருடன் திருந்தினான்? அது கட்டிப் போடுறது எங்க மாமா மாதிரி ஆளுங்களைத்தான்.

"வாங்குறவனோட மார்க்கை இப்பல்லாம் யாருய்யா பார்க்கிறா?"ன்னும் கேட்டார். சரி, மதிப்பில்லாத சமாச்சாரம்னா ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க, தூக்கிப் போட வேண்டியதுதானே? இதுக்கு டீக்கடையில பதில் வரல.

ரெண்டு பேரும் எழுதி முடிக்கிற வரைக்கும், இல்லைன்னா கெடு முடியற வரைக்கும், ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாம மூடி வைக்கிற முறையும் இருக்கு. ஏர்பிஎன்பி 2014-ல அதுக்கு மாறினாங்க. நல்ல வழி. ஆனா எல்லாத் தளமும் அப்படி மாறுற வரைக்கும் பந்து விக்கிறவர் கையில.

எங்க ஊர்ப் பூண்டு மூட்டை வடுகபட்டிக்கு இறங்கும். கமிஷன் கடையில எடை போட்டதும் சீட்டு எழுதிக் கையில குடுத்துடுவாங்க. "எங்க கடை நல்ல கடைன்னு ஊருக்குள்ள சொல்லு, அப்புறம் சீட்டு தரேன்"னு எந்தக் கடைக்காரரும் மாமாகிட்ட சொன்னதில்ல. மளிகைக் கடை நோட்டுலயும் அதே கதைதான். காசு குடுத்தா உடனே வரவு. அரிசியில கல்லு இருந்துதான்னு அப்புறம் பேசிக்கலாம். வாங்கினவனுக்குப் போடுற ஃபீட்பேக்கும் வரவுச் சீட்டுதாங்க, பாராட்டுப் பத்திரம் இல்ல.

உண்மையைச் சொல்லிடறேன், நானும் யோக்கியன் இல்ல. காலேஜ் முடிச்ச புதுசுல என் பழைய லென்ஸை ஏலத்துல வித்தப்ப, வாங்கினவர் எழுதுற வரைக்கும் பத்து நாள் கம்முனு இருந்தேன். அவரும் கம்முனு இருந்தார். கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் எழுதல. லென்ஸ்ல ஓரமா லேசா பூஞ்சை இருந்தது. அவர் கண்ணுல பட்டுச்சோ இல்லையோ, இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

மாமா இப்ப அந்தத் தளத்துப் பக்கம் போறதில்ல. கணக்குல ஒரு ஸ்டார் இருக்கு. அந்தப் பன்னிரண்டு அணாவை ஆல்பத்துல ஒட்டாம தனிக் கவர்ல போட்டு வச்சிருக்கார்.

டிஸ்கி: டீக்கடை நண்பரும் இதைப் படிப்பார். அண்ணே, போன மாசம் உங்ககிட்ட ஃபிளாஷ் எடுத்த பையனுக்கு இன்னும் எழுதலைன்னு நீங்களே சொன்னீங்க. காசு வந்து இருபது நாள் ஆச்சு.