எம்டன் மயக்கம்

கல்முனைப் பக்கத்தில் கெட்டிக்காரனை நாம் இன்றும் 'எம்டன்' என்கிறோம். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு பொழிந்த ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. நமக்கோ பாராட்டுச் சொல்! இந்த மயக்கமே ஜேர்மன் நீர்மூழ்கிகளைப் பற்றி எழுதுவோரிடமும் வழிகிறது.

யூ-859ஐப் பாருங்கள். 1944 ஏப்ரலில் 31 தொன் பாதரசத்துடன் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அதுவே அதன் முதற் போர்ப்பயணம், கடைசியும் அதுவே. மூழ்கடித்தவை மூன்று வணிகக் கப்பல்கள். அவற்றுள் ட்ரொயிலஸ் நமது கொழும்பிலிருந்து ஏடன் நோக்கிச் சென்றது; ஆறு பேர் மாண்டனர். செப்டெம்பர் 23 அன்று பினாங்கு அருகே பிரித்தானிய நீர்மூழ்கியான ட்ரெஞ்சன்ட் யூ-859ஐத் தகர்த்தது. அதிலிருந்த 67 பேரில் 47 பேர் இறந்தனர். ஆறு மாதம்கூட நிறையாத இந்த வாழ்வில் வீரம் எங்கே இருக்கிறது?

எழுதுவோர் வாய் பிளப்பதெல்லாம் அது மூழ்கடித்த ஜோன் பெரி கப்பலின் 30 இலட்சம் சவூதி வெள்ளி நாணயங்களைப் பற்றித்தான். 1994இல் அவற்றில் 13 இலட்சம் அளவில் மேலே வந்ததையும் விலாவாரியாகச் சொல்வார்கள். அதே கப்பலில் மாண்ட இருவருக்கு ஒரு வரி கிடையாது. மீன்பிடிக்கப் போனவன் திரும்பும்வரை கரையில் காத்து நிற்கும் ஊர்கள் நம்முடையவை. நாணயங்களை எண்ணத் தெரிந்தவர்கள், ட்ரொயிலஸில் போன அந்த ஆறு பேரின் பெயர்களையும் தேடி எழுதட்டும்.