பாரிசுக்கு முன்னால் பத்தாங் பெர்ஜுந்தை

பட்டப்படிப்பு முடிந்ததும் எங்கே போகலாம் என்று விடுதியில் பேச்சு வந்தால், நண்பர்கள் பலர் பிரான்சு என்கிறார்கள். சுற்றுலாக் குழு வேண்டாமாம். முதுகுப்பையோடு தனியாகப் போய், ஏதாவது ஒரு கிராமத்தில் தங்கி, அந்த ஊர் ரொட்டியையும் சீஸையும் சுவைக்க வேண்டுமாம். நல்ல ஆசைதான், எனக்கும் உண்டு. ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் தம் சிற்றூரை விட்டு எங்கள் ஊர்ப் பக்கம் வந்து வாழ்ந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ஆன்றி ஃபோகோனியே. பிரான்சின் பார்பெசியே என்ற ஊரில் 1879இல் பிறந்தவர். 1905இல் மலாயாவுக்கு வந்து, தமிழும் மலாயும் கற்று, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டம் திறந்தார். அவருடைய முயற்சியால் 1917இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நடப்பட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். இங்கு வாழ்ந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது.

அவர் துரை; காட்டைத் திருத்தியவர்கள் நம் பாட்டன்மார். அதை மறந்துவிட்டு அவரைப் புகழ நான் வரவில்லை. நான் பார்ப்பது அவர் பிறந்த ஊரை.

பார்பெசியே வட்டாரத்துக்கென்று ஒரு கருப்புக் கோழி இனம் உண்டு. ஏறக்குறைய அழிந்தேபோன அந்த இனத்தை 1990களில் மீட்டெடுத்தார்கள். இன்று ஊர்ப் பெயராலேயே அதற்கு மதிப்பு. அருகிலுள்ள கொன்யாக் நகரின் பெயரை, அந்த வட்டாரத்தில் வடித்த மதுவுக்கு மட்டுமே வைக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. தனிப் பயணி ஒருவர் அங்கே போய் மகிழ முடிகிறதென்றால், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சாப்பாட்டுக்கு வெட்கப்படவில்லை என்பதே காரணம்.

நான் வெட்கப்பட்டேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவரை, அம்மா கட்டித் தந்த மரவள்ளிக்கிழங்கையும் நெத்திலிச் சம்பலையும் எல்லாரோடும் பகிர்ந்து தின்றேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் டப்பாவின் மூடியைப் பாதி மட்டும் திறந்து சாப்பிடப் பழகினேன். எந்த ஊர் என்று கேட்டால் கோல சிலாங்கூர் என்பேன். தோட்டத்தின் பெயர் வாயில் வராது.

கடந்த விடுமுறையில், பாட்டி பிறந்த தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனேன். லயங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோயிலருகே ஒரு மூதாட்டி, நான் யாரென்று கேட்பதற்கு முன்பே, "பசியாறிட்டியா ஐயா?" என்றார். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் போட்டார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியே சோறாக இருந்ததைத் தம் தாயார் சொல்லக் கேட்டவர் அவர். நான் மூடி மறைத்த கிழங்குதான் அன்று அவர்கள் உயிரைக் காத்தது.

தோட்ட வாழ்க்கை துன்ப வாழ்க்கை, அதைக் கொண்டாடலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரெஞ்சு வெங்காய சூப்பும் ஒரு காலத்தில் ஏழைகளின் உணவுதான். துன்பத்தைக் கொண்டாட வேண்டாம். துன்பத்திலும் சமைத்துப் போட்டவர்களை மறக்க வேண்டாம் என்கிறேன்.

நண்பர்களே, பிரான்சுக்குப் போய் வாருங்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, உங்கள் பாட்டி பிறந்த தோட்டத்துக்குத் தனியாகப் போங்கள். படம் எடுப்பதற்கு முன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். குழம்பின் பக்குவத்தையும் சமைத்தவரின் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லித் தருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

நாளை பிரெஞ்சுக் கிராமத்தில் ஒருவர், "உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால், தலைநிமிர்ந்து சொல்ல நமக்கும் ஒரு பதில் வேண்டாமா?