கறுப்பின் ஆட்டம்

சதுரங்கத்தில் கறுப்புக் காய் கிடைத்தால் டிரா போதும் என்பவர்களுக்கு, 2013 விய்க் ஆன் ஸீ போட்டியில் ஆரோனியனை ஆனந்த் 23 நகர்த்தல்களில் வீழ்த்திய ஆட்டத்தைச் சிபாரிசு செய்வேன். தொடக்கம் செமி-ஸ்லாவ் தற்காப்பு, அதிலும் மெரான் வகை: தற்காப்பு என்று பெயர்தான், உள்ளே வெடிமருந்து. வெள்ளைக் குதிரை சிப்பாயைத் தின்று யானையையும் மிரட்டுகிறது. ஆனந்த் அதைக் கண்டுகொள்ளாமல் தன் குதிரையை வெள்ளை ராஜாவை நோக்கி ஏவுகிறார். அடுத்து மந்திரியை வெட்டுக்கு நிறுத்துகிறார், பிறகு இன்னொரு குதிரையையும்! 2012-இல் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காகத் தயாரித்து வைத்திருந்த யோசனையாம். ‘வீட்டில் சமைத்தது, மேதைமை இல்லை’ என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. வெட்டுப்படும் காய்களைப் பொருட்படுத்தாத அந்த யோசனை வீட்டில் மட்டும் சும்மா வந்துவிடுமா? 1907-இல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் ஆடிய பலியாட்டத்தோடு ரசிகர்கள் இதை ஒப்பிட்டார்கள். அவரும் கறுப்புதான்.