இறுதியாண்டு ப்ராஜெக்டை எங்கள் ஊரிலிருந்தே செய்ய வழி கோரும் மனு

அனுப்புநர்:
கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள், பெற்றோர் சங்கத்தினர்,
எரியோடு, வேடசந்தூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திண்டுக்கல்.

பொருள்: கல்லூரி ப்ராஜெக்டுக்கு உள்ளூர்ப் பிரச்சினைகளையும் தரவுகளையும் வழங்குதல், மாலை நேரக் கணினி அறை, வேலைவாய்ப்புப் பயிற்சி ஆகியவை கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

எரியோட்டையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த எங்கள் பிள்ளைகள் பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.இ. என்று கணினி படிக்கப் போகிறார்கள். பலர் அந்தந்த வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா காட்டு வேலை, அம்மா நூற்பாலையில் ஷிப்டு. கடைசி செமஸ்டரில் "ஒரு வாரத்தில் டைட்டில் கொடு" என்று கல்லூரியில் கேட்கும்போது, கூட உட்கார்ந்து யோசிக்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் பிள்ளைகள் ப்ராஜெக்டை விலைக்குச் செய்து தரும் நகரத்து சென்டரில் போய் நிற்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தாய் தன் தோட்டை அடகு வைத்து 8,000 ரூபாய் கட்டினார். கைக்கு வந்தவை ஒரு பென்டிரைவும் பைண்டிங் செய்த மூன்று புத்தகங்களும். அட்டையில் மகளின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. உள்ளே ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் வேறொரு கல்லூரியின் பெயர் அழிபடாமல் கிடந்தது. வைவாவில் "இந்த டேபிளில் பிரைமரி கீ எது?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். மதிப்பெண் எப்படியோ வந்துவிட்டது. ஆனால் வேலைக்கான நேர்காணலில் முதல் கேள்வியே "உன் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்" என்பதுதான். இன்று அவள் தாயுடன் அதே மில் வேனில் ஏறுகிறாள். இதை அவளுடைய குற்றமாக எங்களால் கருத முடியவில்லை.

யோசனைக்கு எங்கள் பிள்ளைகளிடம் பஞ்சமில்லை. சங்கக் கூட்டத்தில் ஒரே மாலையில் கரும்பலகை நிறைந்துவிட்டது. "எங்க அப்பா தக்காளிப் பெட்டி என்ன விலைன்னு சந்தைக்குப் போய் இறக்கின பிறகுதான் தெரிஞ்சுக்கிறார்" என்றாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. அய்யலூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் அன்றைய தக்காளி விலை என்ன என்பதைப் பறிப்பதற்கு முன்பே தமிழில் குரலாகச் சொல்லும் செயலி அங்கேயே உருவாகத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். அடுத்து, அழகாபுரி குடகனாறு அணையின் நீர்மட்டத்தை ஆயக்கட்டு விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவது. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயத்தை ஒட்டிய சாலைகளில் தேவாங்கு எங்கே குறுக்கிடுகிறது என்று குறிக்கும் வரைபடம். எந்த டவுன் பஸ் இன்று வராது என்ற தகவல்.

தரவு கேட்டுப் போன இடத்தில்தான் வேலை நின்றது. ஓர் அலுவலகத்தில் "மேலிடத்து உத்தரவு இருந்தால் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே, ஆண்டுதோறும் ஜூலை மாதத்துக்குள் வேளாண் விற்பனை, தோட்டக்கலை, நீர்வளம், வனம், போக்குவரத்துத் துறைகள் தங்கள் அன்றாடச் சிக்கல்களை ஒரு பக்கத்தில் எழுதித் தரவும், மாணவர் அணுக வேண்டிய அலுவலர் யார் என்று குறிப்பிடவும், மறைக்கத் தேவையில்லாத தரவுகளை வழங்கவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறோம். எங்கள் முதன்மையான கோரிக்கை இதுவே. மற்றவை இதற்குத் துணை.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. கருவி இருந்தாலும் உட்கார இடமும் இணையமும் வேண்டும். எரியோட்டில் நூலகத்திலோ பேரூராட்சிக் கட்டடம் ஒன்றிலோ மாலை 6 முதல் 9 மணி வரை ஓர் அறை திறந்திருந்தால் போதும். கடைசிப் பேருந்துக்கு அஞ்சி நகரத்துக்கு அனுப்பப்படாத பெண் பிள்ளைகளுக்கு இது பேருதவி.

2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ், நேர்காணல் ஒத்திகையும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் வார இறுதிகளில் எரியோட்டிலோ வேடசந்தூரிலோ நடக்க வேண்டும். மேலும், தலைப்புத் தேர்வை ஐந்தாம் செமஸ்டரிலேயே தொடங்கி, மாதம் ஒருமுறை மாணவரே நிரலை இயக்கிக் காட்டும் ரிவ்யூ வைக்கக் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அந்த ரிவ்யூ வந்துவிட்டால் வாங்கிய ப்ராஜெக்ட் ஒரு மாதம்கூடத் தாங்காது.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் எழுதி வருகிறது. கிராமத்தில் இருந்தபடி இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு எங்கள் பிள்ளைகள் காட்டும் சாட்சி அது.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எங்கள் மாணவர் ஐவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தக்காளி விலைச் செயலியின் முதல் வடிவத்தை அவர்களே தங்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்

இடம்: எரியோடு