புள்ளியும் கோடும்

பொழுதுபோக்காக வானொலி நிலையம் அமைத்துக் கடல் கடந்த அன்பருடன் உரையாட விரும்புவோர், அதற்கெனப் பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பதை எம் வாசகர் அறிவர். அப்பரீட்சையில் மோர்ஸ் தந்திச் சங்கேதமும் நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. ஏன் என்று மாணவர் வினவுவது நியாயமே. கப்பல்கள் மோர்ஸிலேயே அபயக்குரல் எழுப்பிய காலம் அது. அவ்வேளையில் குறுக்கே ஒலிபரப்பும் அமெச்சூர் ஒருவரை விலகுமாறு பணித்தால், பணித்தது அவருக்கு விளங்கவேண்டுமல்லவா?

அமெரிக்காவில் தொடக்க வகுப்புக்கு நிமிடத்துக்கு 5 சொற்கள். பொது வகுப்புக்கு 13. உச்ச வகுப்புக்கு 20. சொல்லுக்கு ஐந்து எழுத்தென்பது கணக்கு. ஐந்து நிமிடம் கேட்டு, தொடர்ந்து ஒரு நிமிட அளவாயினும் பிழையின்றி எழுதவேண்டும் என்பது பழைய விதி. இதில் ஒரு விந்தை உண்டு. புள்ளியையும் கோட்டையும் எண்ணிக் கற்றவர் பத்துச் சொல்லளவில் வந்து முட்டிக்கொள்வர். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும்! எழுத்து முழுவதையும் ஓரொலியாகக் கேட்கச் செவி பழகிய பின்னரே மேலேற முடியும். கருவிகளைத் தாமே அமைக்க வல்லவராயிருந்தும், அந்தப் படியிலேயே நின்று மனஞ்சலித்தோர் பலர்.

1999 பெப்ரவரியில் கப்பல்கள் செய்மதி முதலியவற்றைக் கொண்ட புதிய அபாய அறிவிப்பு முறைக்கு முற்றாக மாறின. காரணம் போனபின் விதி மட்டும் நிற்குமா? 2003 ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, இதனை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. பிரித்தானியா அவ்வாண்டே நீக்கியது. அமெரிக்கா 2007 பெப்ரவரி 23 இல் நீக்கியது.

மூத்தோர் மனம் புழுங்கினர். தாம் வருந்திக் கடந்த வாயிலைப் பிறர் எளிதிற் கடப்பதா என்ற ஆற்றாமை பாதி. (எம் வீட்டு முதியோரிடமும் இதனைக் காணலாம்.) கலையே அழிந்துவிடும் என்ற அச்சம் மறுபாதி. அவர்தம் துயரை நாம் மதிக்கிறோம், கணிப்போ தவறிற்று. பேச்சொலிக்கு ஏறக்குறைய 2,500 ஹேர்ட்ஸ் இடம் வேண்டும். மோர்ஸுக்கு 150 அளவே போதும். பேச்சு இரைச்சலில் மூழ்கும்போதும் மோர்ஸின் மெல்லிய கீச்சொலி செவிக்கு எட்டும். ஆதலால், கட்டாயமில்லாதோரும் விரும்பிக் கற்கின்றனர்.

அமெரிக்காவில் 7 மெகாஹேர்ட்ஸ் பட்டையின் முதல் 25 கிலோஹேர்ட்ஸ் உச்ச வகுப்பினருக்கே உரியது. மோர்ஸ் அன்பர் பெரிதும் நாடும் இடமும் அதுவே. ஆயின், அங்கு நுழையும் உரிமை பெறுவோரிடம் இன்று மோர்ஸில் ஓர் எழுத்தேனும் எவரும் கேட்பதில்லை.