மாங்கனிக்கு அப்பால் ஒரு கவிஞர்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவை நாம் அறிவோம். பிட்சாடனர் வீதியுலாவின்போது மாங்கனிகள் இறைக்கப்படுவதையும், அவற்றைப் பிடிக்கக் கூட்டம் முண்டுவதையும் காணாத உள்ளூர்க்காரர் அரிது. ஆனால், அவ்விழாவின் நாயகி ஒரு கவிஞர் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவில் நிற்கிறது?

மாங்கனிக் கதையைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் விரித்துரைத்தார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அம்மையாரின் பாடல்களிலோ மாங்கனியும் இல்லை. கணவன் பரமதத்தனும் இல்லை. அங்கே சுடுகாடும், ஆடும் இறைவனும், தம்மைக் காரைக்கால் பேய் என்று அழைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் குரலும் உள்ளன. இவ்விரு பெண்களையும் அருகருகே வைத்துப் பேச நமக்கு ஓரிடம் வேண்டாமா?

எனவேதான் அவர் ஊரிலேயே, அவர் கவிதையைக் கூடி வாசிக்கும் வகுப்பு ஒன்று தேவை என்கிறோம். திருமுறை முற்றோதலை நாம் குறைத்து மதிக்கவில்லை. பாட்டின் ஓசையை நம் செவிகளில் நிலைபெறச் செய்தது அதுவே. எனினும், ஓதும்போது இடையே நிறுத்தி, 'இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது?' என்று கேட்க இயலாது. உருவழகை உதறிப் பேயுருவை வேண்டியது விடுதலையா, துறவா, துயரா என்று வாதிடவும் இயலாது.

பக்திப் பாடலை அலசினால் பக்தி குறைந்துவிடும் என்பர் சிலர். பாடம் கேட்டல் நம் மண்ணுக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கத் தொடங்கியது பக்கத்திலுள்ள மாயூரத்தில்தான். அங்கே பயின்றவற்றுள் சமய நூல்களும் பல. பொருள் உணர்ந்து கேட்டதால் எவருடைய பக்தியும் தேய்ந்ததாகத் தெரியவில்லை. அன்று ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டனர். இன்று மீனவரும் ஆசிரியரும் இல்லத்தரசியும் கல்லூரி மாணவரும் ஒருவரையொருவர் கேட்கட்டும் என்பதே நம் விருப்பம்.

அற்புதத் திருவந்தாதியின் வடிவமே இதற்கு இசைவானது. ஒரு வெண்பாவின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகிறது. ஒருவர் விட்ட சொல்லை அடுத்தவர் ஏந்தி வாசிக்கலாம். பிறகு பதம் பிரித்து, பொருள் கண்டு, மாறுபடலாம். அந்தாதி 101, இரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் 22 என மொத்தம் 143 பாடல்கள். வாரத்துக்கு மூன்று பாடல்கள் என்றாலும் ஓராண்டுக்குள் நிறைவுறும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு கோயில் மண்டபமோ விடுமுறை நாளில் ஒரு வகுப்பறையோ போதும். ஓர் ஆனியில் தொடங்கினால், மறு ஆனியில் மாங்கனிக்குக் கை நீட்டும்போது, அவர் பாடலில் ஒன்றேனும் பொருளோடு நம் நாவில் இருக்கும்.