மாலை வகுப்பு அரைப் படிப்பா?

பகுதிநேர சிவில் பொறியியல் பட்டத்தை அரைப் பட்டம் என்பவர்கள் 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களைப் பற்றியது. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம் வேலையிலிருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கு நடத்திய மாலைநேர பி.இ. வேறு ரகம், அங்கே ஆசிரியர் எதிரே நின்றார், ஆய்வகமும் இருந்தது.

பகலில் எம்25 கான்கிரீட் போட்டு, 28-ஆம் நாள் சோதனைக் கியூபை உடைத்துப் பார்ப்பவருக்கு, வலிமையைக் குறிக்கும் அந்த 25 வெறும் பாடப்புத்தக எண் அல்ல. சைட் அனுபவம் வளைதிருப்புத்திறன் கணக்கைக் கற்றுத்தராது என்பது நியாயமான ஆட்சேபம்தான். அதைக் கற்கத்தானே வகுப்புக்கு வருகிறார்? களைப்பும் உண்மை. (ஸ்லாப் போடும் நாளில் எந்த ஒப்பந்ததாரர் ஐந்து மணிக்கு விடுவார்?) ஆனால் அது வேலைநேரத்தின் குறை, பட்டத்தின் குறையல்ல. விடைத்தாளைக் கடுமையாகவே திருத்துங்கள். வகுப்பு நடந்த நேரத்தைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள்.